கடந்து போன பிறகு சொல்லும் சொற்கள்

அந்த இயந்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. ஒரு லொறியின் அகலத்துக்கு இரும்பு உடம்பு. அதற்குள்ளே ஓயாமல் சுழலும் சூடான உருளைகள். மொன்றியல் ஹோட்டல்களில் யார் யாரோ படுத்தெழும்பிய கட்டில் விரிப்புகள் தோய்த்து முடிந்து, ஈரமும் முறுக்குமாகச் சலவைத் தொழிற்சாலையில் எங்களிடம் வந்து சேரும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உதறி, விளிம்பை நேராக்கி, அழுத்திக் காயவைக்க இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். உருளை பிடித்துக்கொண்டதும் கையை விட்டுவிட வேண்டும். அந்த விடுகிற நேரம்தான் வேலை. முந்தி விட்டால் விரிப்புக் கோணலாகப் போகும், மேற்பார்வையாளர் கத்துவார். பிந்தி விட்டால் கத்தப்போவது நாங்கள். எனக்கு முன் அந்த மூலையில் நின்றவரின் கை உள்ளே போய்விட்டது என்பதை முதல் நாள் காலையிலேயே எனக்குத் தெரியப்படுத்திவிட்டார்கள். எனக்கு அவர்களின் மொழி ஒன்றும் தெரியாது என்பதால், நடித்துக் காட்டினார்கள்.

நடித்துக் காட்டியவர், மற்ற மூலையைப் பிடித்து நின்றவர், உங்கள் ஞானத்தகப்பன். மகள், அவர் உனக்குத்தான் ஞானத்தகப்பன். ஆனால் தங்கச்சியைப் பார்த்து அண்ணனும் அவரைப் 'பத்ரீனோ' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டான். நான் அவரைக் 'கொம்பாத்ரே' என்று கூப்பிடுவேன். பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அழைக்க ஸ்பானிய மொழியில் இருக்கும் சொல் அது. மன்னாரில் நாங்களும் வேதக்காரர்தான், எங்கள் பிள்ளைகளுக்கும் ஞானத்தகப்பன் உண்டு, ஆனால் அந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில் உள்ள உறவுக்கு நாங்கள் ஒரு பெயர் வைக்கவில்லை. அவர் எல் சல்வடோர் நாட்டில் நடந்த போரில் தப்பி வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், குள்ளமான ஆள், தொண்டை மட்டும் பெரிது. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

ஒரு கட்டு விரிப்பு முடிந்ததும் அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். எல்லா விரலும் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல முன்னும் பின்னும் திருப்புவார். பிறகு பெரிய மூச்சு விட்டு 'மேனோஸ் மால்' என்பார். நாங்கள் 'நல்ல காலம்' என்று சொல்லுவோமே, அதுதான். இயந்திரம் இறுகி நின்று, பட்டனை அமத்த மறுபடி ஓடத் தொடங்கினால், 'கே அலீவியோ!', என்ன ஒரு நிம்மதி. மேற்பார்வையாளர் எங்கள் பக்கம் வந்து, பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால், முதுகு மறைந்த மறுகணம், 'கிராசியாஸ் அ தியோஸ்', கடவுளுக்கு நன்றி. கோப்பையில் கோப்பி தளும்பி, காற்சட்டையில் சிந்தாமல் தப்பினால்கூட அவருக்கு ஒரு சொல் இருந்தது. 'ஊஃப்' என்று உதட்டைக் குவித்து ஊதுவார். இப்படி நாள் முழுவதும் எங்கள் மூலையிலிருந்து நிம்மதிப் பெருமூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். வேலைத்தலத்தில் முக்கால்வாசிப் பேர் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போவதற்கு முன்பே அந்த மொழி என் வாயில் ஏறிவிட்டது. தெருமுனை தெப்பனர் கடையில் பால் வாங்கிக்கொண்டு 'கிராசியாஸ்' என்று சொல்லிவிட்டு வருவேன். கடைக்காரர் சிரிப்பார். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணை, நீங்கள் கனடாவுக்கு எண்டு வெளிக்கிட்டு வேற எங்கயோ இறங்கிப்போட்டியள்" என்றான்.

அப்போது நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி முழுவதும் ஆபத்துப் போன பிறகு சொல்லுகிற மொழி. விரல் தப்பிய பிறகு, முதுகு மறைந்த பிறகு, மூச்சு வந்த பிறகு. ஆபத்துக்குள் நிற்கும்போது என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. விரிப்பு வாய்க்குள் போகிற அந்த நேரத்தில் கொம்பாத்ரே ஒருநாளும் வாய் திறந்ததில்லையே, நான் எப்படிக் கற்றிருப்பேன்?

அந்த நாள் காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், மேற்பார்வையாளர் எங்கள் மூலைக்கு வந்தார். இந்த முறை பார்த்துவிட்டுப் போகவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அவர் என் தோளில் கை வைத்தார். அந்த மனிதர் ஒருவரையும் தொடுகிறவர் அல்லர். அவர் பிரெஞ்சில் சொன்னதில் 'மனைவி' என்பதும் 'வைத்தியசாலை' என்பதும் எனக்கு விளங்கின. உங்கள் அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வில்லரேயில் நாங்கள் குடியிருந்த வீட்டில் தனியாக இருந்தவருக்கு இரத்தம் போகத் தொடங்கி, கீழ் வீட்டு அக்கா அம்புலன்சுக்கு அடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். மகன், நீ அப்போது கார்தரியில், பிள்ளைகள் காப்பகத்தில், மற்றப் பிள்ளைகளோடு பனியில் விளையாடிக்கொண்டிருந்திருப்பாய்.

கொம்பாத்ரே தன்னுடைய கோட்டையும் என்னுடைய கோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது, அதன் ஹீட்டர் வேலை செய்யாது. உள்ளே எங்கள் மூச்சு கண்ணாடியில் படிந்து உறைய, அவர் ஒரு கையால் அதைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டினார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கார் வழுக்கிக்கொண்டுபோய்த்தான் நின்றது. மற்ற நாளென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு 'மேனோஸ் மால்' கேட்டிருப்பேன். அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. அந்த மனிதரின் மௌனத்தைப் போல என்னைப் பயப்படுத்தியது வேறொன்றுமில்லை. ஏதோ தெரிந்துதான் பேசாமல் வருகிறார் என்று நினைத்தேன். தெரியாமல்தான் பேசாமல் வந்தார்.

வைத்தியசாலையில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், பனியில் அவர் எங்கேயோ அகப்பட்டு நிற்கிறாராம். உங்கள் அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கு அரைகுறை. கொம்பாத்ரே மொன்றியலில் கனகாலம் இருந்தவர், அவருக்குப் பிரெஞ்சு வரும். ஆகவே எங்கள் குடும்பத்தின் உயிர் போகிற செய்தி இப்படித்தான் பயணம் செய்தது: வைத்தியர் அவருக்குப் பிரெஞ்சில் சொல்லுவார், அவர் எனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்களுக்குள் தேடித் தேடி எனக்குச் சொல்லுவார், நான் கட்டிலில் கிடந்த உங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிம்மதிச் சொற்கள் என்று சொன்னேனே, அவற்றில் ஒன்றுகூட அந்த இடத்தில் உதவவில்லை. அவர் திணறினார். பிறகு 'கொரசோன்' என்றார். இருதயம். வேலைத்தலத்து ரேடியோவில் வரும் காதல் பாட்டுகளில் மட்டும் நான் கேட்டிருந்த சொல். அவர் தன் கையைக் காற்றில் வேகமாகத் தட்டிக் காட்டினார், பிறகு மெதுவாக, இன்னும் மெதுவாக. பிள்ளையின் இருதயம் ஓய்கிறது. உடனே வெட்டி எடுக்க வேண்டும்.

அதை நான் உங்கள் அம்மாவுக்கு எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் கேட்டது மட்டும் ஞாபகம். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, மகனை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" என்றார்.

"கீழ் வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு வருவா. நீர் ஒண்டும் யோசிக்காதையும்."

"அவன்ர மற்றக் கையுறையும் துலைஞ்சு போச்சு. பொக்கற்றுக்குள்ள கைய வைக்கச் சொல்லுங்கோ."

கதவு மூடிக்கொண்டது. அந்த அறுவைச் சிகிச்சை அறை கீழ்மாடியில் இருந்தது. பிறந்த பிள்ளைகளைக் கொண்டுவரும் இடம் மேல்மாடியில். எங்களை மேல்மாடியில் ஒரு நீளமான நடைபாதையின் முடிவில், ஒரு கதவுக்கு முன்னால் போட்டிருந்த கதிரைகளில் இருக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த பொதுத் தொலைபேசியில் உங்கள் பெரியம்மாவுக்கு அடித்தேன். அம்மாவின் ஒரே அக்கா. புரோசார்ட்டிலிருந்து பஸ் எடுத்துப் பாலத்தைக் கடந்து, மெத்ரோ மாறி வர வேண்டும், அதுவும் அந்தப் பனியில். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாத மனுஷி வைத்தியசாலைக்குள் வந்து எங்கே போய் முட்டுவாரோ என்று, நேரம் போகப் போக எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. கொம்பாத்ரே அதைப் பார்த்துவிட்டு, நீ கீழே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா, நான் இந்தக் கதவை விட்டு அசையமாட்டேன் என்று கையால் காட்டினார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

பெரியம்மா வாசலில் பனியை உதறிக்கொண்டு நின்றார். ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல், மறு கையில் செபமாலை. லிப்டுக்குள் ஏறியதும் கேட்டார்.

"அவளோட ஆர் நிக்கிறது?"

"அவ கீழ ஒப்பரேசன் அறையில. மேல கதவடியில என்னோட வேலை செய்யிறவர் ஒருத்தர் நிக்கிறார்."

"எங்கட ஆளே?"

"இல்லை அக்கா. ஸ்பானிஷ்காரர். டொக்டர் பிரெஞ்சில சொன்னதை அவர்தான் எனக்கு ஸ்பானிஷில சொன்னவர்."

"ஸ்பானிஷ்காரரோ! தம்பி, டொக்டர் பிரெஞ்சில சொல்ல, உவர் ஸ்பானிஷில சொல்ல, நீர் அதைத் தமிழில சொல்ல... கடவுளே, என்ர தங்கச்சிக்கு வெட்ட வேணுமெண்டது உண்மையோ, இல்லாட்டி இடையில ஆரும் மாத்திச் சொன்னதோ?"

லிப்ட் கதவு திறந்தது.

நடைபாதையின் அந்தக் கடைசியில் கொம்பாத்ரே தெரிந்தார். அவருக்கு முன்னால் நின்ற ஒரு தாதி ஏதோ சொல்லிவிட்டுக் கதவுக்குள்ளே போனாள். அவர் நின்ற நிலையிலிருந்து மெல்ல மெல்லக் கதிரையில் சரிந்து இருந்தார். தொப்பியைக் கழற்றினார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் போட்டார், மறுபடியும் போட்டார், பெருவிரலை உதட்டில் வைத்து முத்தமிட்டார். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குலுங்கினார். அவ்வளவு தூரத்திலும் அந்த அழுகை எங்களுக்குக் கேட்டது.

எங்கள் பக்கத்தில், செய்தி கேட்ட இடத்திலேயே ஒரு ஆம்பிளை தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சாவு. வேறெதற்கும் நாங்கள் அப்படிச் செய்வதில்லை. நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ வாசல்களில் பார்த்த காட்சி அது. பெரியம்மாவும் பார்த்ததுதான். தேத்தண்ணிப் போத்தல் அவர் கையிலிருந்து விழுந்து உருண்டு போனது. "ஐயோ, என்ர ராசாத்தி! என்ர தங்கச்சி! எங்களை விட்டிட்டுப் போட்டியேடி!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அந்த நடைபாதையை நிறைத்து ஓலம் வைத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். யார் போனது, தாயா, பிள்ளையா, இரண்டு பேருமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குள் ஓடியது ஒன்றுதான். கார்தரியிலிருந்து மகனைக் கூட்டிவந்திருப்பார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் அவன் என் பின்னால் எட்டிப் பார்ப்பான், அம்மா எங்கே என்று. பிள்ளைகளே, போரில் நான் கண்டதும் ஓடியதும் உங்களுக்குத் தெரியும். அந்த நடைபாதையில் பயந்ததைப் போல நான் அங்கே பயந்ததில்லை.

ஓலம் கேட்டுக் கொம்பாத்ரே தலையைத் தூக்கினார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. நாங்கள் கீழ்மாடியிலிருந்து வந்திருக்கிறோம். உங்கள் அம்மா கீழ்மாடியில். அவருக்கு வேறென்ன தோன்றும்? தாய் கொஞ்சம் முன்னர்தான் போய்விட்டாள், கீழே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணி, அவரும் "நோ! நோ!" என்று கத்திக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். அவர் ஓடிவந்ததைக் கண்டு எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. நடுவழியில் மூன்று பேரும் முட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பாஷையில் அழுதோம். அந்தத் தாதி கதவைத் திறந்து ஓடிவந்தாள். எங்களைப் பார்த்து அவளுக்கே பயம் பிடித்துவிட்டது. கொம்பாத்ரே அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கெஞ்சிக் கேட்டார். அவள் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டி, கீழே கையைக் காட்டி, மேலே கையைக் காட்டி, அமைதியாக ஏதோ சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி என் இரண்டு தோள்களையும் பிடித்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய, இரண்டு விரல்களை என் முகத்துக்கு முன்னால் தூக்கினார்.

"லாஸ் தோஸ், எர்மானோ. லாஸ் தோஸ்!"

இரண்டு பேரும், சகோதரா. இரண்டு பேரும்.

"என்னவாம்? தம்பி, என்னவாம்?" பெரியம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"இரண்டு பேரும் இருக்கினமாம் அக்கா. பொம்பிளைப் பிள்ளையாம்."

பெரியம்மா ஒரு கையால் தன் வாயைப் பொத்தினார். மறு கையால் என் வாயைப் பொத்தினார். "சத்தம் போடாதையும்," என்றார் மூச்சுக்குள். "ஆருக்கும் சொல்லாதையும். நாவூறு பட்டிடும்." கொம்பாத்ரேயோ கூரையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அத்தனை சொல்லையும் கொட்டிக்கொண்டிருந்தார். அதில் நான் அதுவரை கேளாத ஒன்றும் இருந்தது. 'மே வொல்வியோ எல் அல்மா அல் குவெர்போ.' பிறகு ஒருநாள் அதன் அர்த்தத்தைக் கேட்டு அறிந்தேன். போன ஆத்துமா திரும்பி உடம்புக்குள் வந்தது என்று அர்த்தம். நாங்களும் அதைத்தானே சொல்லுகிறோம். அவர் சிலுவை போட்டதும் அதற்காகத்தான். அவர்கள் ஊரில், பெரிய ஆபத்து ஒன்று விலகினால், முதலில் கை போவது நெற்றிக்கு. வேலைத்தலத்தில் சின்னச் சின்ன நிம்மதிகளுக்குச் சொல் வைத்திருந்த மனிதர், பெரியது ஒன்று வந்தபோது கையால்தான் பேசினார். அந்தக் கைப்பேச்சை நான் கற்றிருக்கவில்லை.

பயம் அதோடு முடியவில்லை, மகள். நீ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். என் உள்ளங்கையில் உன் தலை அடங்கும். உடம்பெல்லாம் வயர். நீ மூச்சு விடுகிறாய் என்பதை எங்களுக்குச் சொன்னது, நீ அல்ல, பக்கத்தில் 'டிங், டிங்' என்று அடித்துக்கொண்டிருந்த இயந்திரம். அது ஒரு கணம் தாமதித்தால் நாங்களும் மூச்சை நிறுத்திவிடுவோம். பெரியம்மா உன் கன்னத்தில் கரும்பொட்டு வைக்க வேண்டும் என்று நின்றார். தாதிமார் விடவில்லை. அவர் ஒரு ஒட்டுப் பொட்டைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டினார். அவர்கள் உரித்து எறிந்தார்கள். அவர் மறுபடி ஒட்டினார். உன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் 'நல்லாயிருக்கிறாள்' என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. 'இருக்கிறாள்' என்று மட்டும் சொல்லலாம். கொம்பாத்ரே வேலை முடிந்து நேரே வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து, "கிராசியாஸ் அ தியோஸ்! என்ன மாதிரி வளர்ந்திட்டா!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். பெரியம்மாவுக்கு ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் அது புகழ்ச்சி என்று தெரியும். "உந்த மனிசனைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லும் தம்பி" என்பார். உங்கள் அம்மா சாய்ந்த கதிரையில் கண்ணை மூடியபடி, "அவர் சொல்லுறது சரிதான், மெதுவாச் சொல்லச் சொல்லுங்கோ" என்பார்.

ஒருநாள் கொம்பாத்ரே அப்படிச் சொல்லிவிட்டுப் போன அடுத்த நாள், அந்த 'டிங்' நீளமான ஊளையாக மாறியது. எங்களை வெளியே தள்ளிவிட்டுத் திரையை இழுத்தார்கள். நீ மூச்சை மறந்துவிட்டாய். குறைமாதப் பிள்ளைகள் அப்படி மறப்பதுண்டு என்று பிறகு விளக்கினார்கள். திரும்பவும் ஞாபகப்படுத்தினார்கள், நீயும் எடுத்தாய். வெளியே நின்ற நேரத்தில் பெரியம்மா என்னைப் பார்த்தார். முதல் நாள் அந்த மனிதர் உரக்கப் புகழ்ந்த நாவூறுதான் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் கீழே உணவறையில் கொம்பாத்ரேயிடம் கதைத்தேன். உதட்டில் விரலை வைத்து, இனிமேல் சொல்லாதே என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். என் உடைந்த ஸ்பானியத்திலும் கையாலும் சொன்னேன். எங்கள் ஊரில் விமானம் ஒரு சுற்றுக் குண்டு போட்டுவிட்டுப் போகும். சத்தம் அடங்கும். தப்பினோம் என்று பதுங்குகுழிக்கு வெளியே வந்து மூச்சு விட்டவர்கள்மேல் அது திரும்பி வந்து மறு சுற்றைப் போடும். ஆகவே நாங்கள் தப்பினோம் என்று சொல்லமாட்டோம். சொன்னால் திரும்பி வரும்.

அவர் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவர்கள் கிராமத்துக்கு இராணுவம் வரும்போது பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே கிடப்பார்களாம். இராணுவம் போன பிறகும் ஒருவரும் அசையமாட்டார்களாம். தாய் வாசலில் போய் நின்று, வீதியின் இரண்டு பக்கமும் பார்த்து, சிலுவை போட்டு, 'கே அலீவியோ' என்று உரக்கச் சொன்னால்தான் வெளியே வரலாம்.

"முடிஞ்சுதெண்டு ஆராவது சொல்லத்தானே வேணும்," என்றார். "இல்லாட்டி நாங்கள் எவ்வளவு நேரம் கட்டிலுக்குக் கீழ கிடக்கிறது?"

அவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி. உன்ர வீடு, உன்ர சட்டம்" என்று சொல்லி, கோட்டின் சிப்பை இழுப்பது போல உதடுகளை இழுத்து மூடிக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் வந்து கண்ணாடிக்கு முன் நிற்கும்போது கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். சொல் உள்ளே நின்று முட்டுவது வெளியே தெரியும். ஆனால் சொல்லவில்லை.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் உன்னை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொம்பாத்ரே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை ஹீட்டரைத் திருத்தியிருந்தார். எங்கள் வீடு மேல்மாடி, வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகள். பகலில் கரைந்த பனி அதில் மறுபடி உறைந்து கண்ணாடி போலக் கிடந்தது. உங்கள் அம்மா உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற, அவருக்குப் பின்னால் கொம்பாத்ரே இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு ஏறினார். வழுக்கினால் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று. வழுக்கினால் மூன்று பேரும்தான் போயிருப்பார்கள்.

உள்ளே வந்து கதவைப் பூட்டினோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வீட்டில் சத்தம் இல்லை. 'டிங்' இல்லை. நீ மூச்சு விடுகிறாய் என்று எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா உன் மூக்கடியில் காதை வைத்துக்கொண்டே இருந்தார். எடுத்தால் பயம். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்த உனக்கும் அமைதி பிடிக்கவில்லை. வீரிட்டு அழுதாய். தோளில் போட்டோம், தொட்டிலில் போட்டோம், பாட்டுப் பாடினோம். நீ ஓயவில்லை. அழுது அழுது மூச்சை மறந்துவிடுவாயோ என்று எல்லாரும் பயந்தோம். மகன், நீ ஒரு மூலையில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாய். கடைசியில் பெரியம்மாவே உடைந்து போய், "தம்பி, அந்த மனிசனை இனிச் சொல்லச் சொல்லும். பிள்ளை வீட்டை வந்திட்டுதுதானே. அடக்கி அடக்கி அவருக்கும் ஏதும் வந்திடப் போகுது" என்றார்.

நான் திரும்பினேன். கொம்பாத்ரே வாசலடியில், சப்பாத்து மாற்றும் முக்காலியில், கோட்டும் கழற்றாமல், ஒரு கால் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து உறங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது. அந்தப் பெரிய தொண்டையிலிருந்து குறட்டை புறப்பட்டது. ஒரு இழுவை, ஒரு நிறுத்தம், ஒரு இழுவை, ஒரு நிறுத்தம். சுவர் அதிர்ந்தது. நீ அழுகையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாய். இன்னொரு இழுவை வந்தது. உன் கண்கள் சொருகின. கொஞ்ச நேரத்தில் உன் கை விரிந்து, அம்மாவின் சட்டையை விட்டுத் தொங்கியது. நெஞ்சு ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

"ஆளை எழுப்பும் தம்பி, கழுத்து நோகப் போகுது," என்றார் பெரியம்மா.

"விடுங்கோ அக்கா. பிள்ளை நித்திரை கொள்ளுறாள்." உங்கள் அம்மா உன்னைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நிமிர்ந்தார். உன் மூக்கடிக்குக் குனியவில்லை. வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, வெட்கப்படுகிறவர் போல, "பசிக்குது. என்ன கிடக்கு?" என்றார்.

அந்தப் பனி நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்கவில்லை. கெஞ்சித்தான் ஊட்டியிருந்தோம். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு ஓடினார்.

கொம்பாத்ரே இப்போது லொங்குய்யில் தன் மகனோடு இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது, ஆகவே இன்னும் பெரிதாகப் பேசுகிறார். மகள், உன் பிறந்த நாளில் அவர் தொலைபேசியில் கத்தும்போது நீ அதைக் காதிலிருந்து தூரத்தில் பிடித்துச் சிரிக்கிறாய். சிரி. ஆனால் வைத்துவிடாதே, அவர் முடிக்கும்வரை கேள்.

என்னிடம் நீங்கள் அந்த நிம்மதிச் சொற்களை எதிர்பார்க்க வேண்டாம். நான் இன்னும் மறு சுற்றுக்குப் பயந்தவன். சென்ற மார்கழியில், வீதியெல்லாம் கண்ணாடியாய் உறைந்த அன்று, நீ சொன்ன நேரம் தாண்டி, தொலைபேசியும் எடுக்காமல், ஒருவழியாகக் கார் ஓட்டி வந்து சேர்ந்தாய். உள்ளே வந்து தொப்பியை உதறிவிட்டு, "என்னப்பா, ஒண்டும் சொல்லாமப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டாய். நான் குசினிப் பக்கம் திரும்பி, பசிக்கிறது என்றேன். அம்மா அங்கிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. உன் கார்ச் சத்தம் கேட்டபோதே அவர் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தார்.